சொந்த ஊர் எது, தம்பி?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வேலை தேடுகிறவர்கள். இன்டர்வியூ என்றதும் அவர்களும், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர்களும் சேர்ந்தே நம்புகிற சில விஷயங்கள் உண்டு.

நம்பிக்கை: நம் பெயரில் சாதி இல்லை. யாரும் கண்டுபிடிக்க முடியாது.

உண்மை: பெயரிலிருந்து சாதியோ மதமோ தெரிந்தால் என்ன ஆகும் என்பதை 2007-இல் வெளிவந்த சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆய்வு காட்டியது. நாளிதழ் விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தது. தமிழ்நாட்டில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. இன்று நமக்கு இனிஷியல்தான். அதனாலேயே கேள்வி வேறு வழியாக வருகிறது. "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளேயா, வெளியேயா? அப்பா என்ன பண்றார்? குலதெய்வம் எங்கே?" டை கட்டியவர் வாயிலிருந்து வந்தாலும் கேட்கப்படுவது சாதிதான்.

'குடும்பப் பின்னணி' என்பது இதற்கு மரியாதையான பெயர். ஆய்வாளர்கள் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் பெரிய நிறுவனங்களின் 25 எச்.ஆர். மேலாளர்களிடம் பேசியபோது, திறமை ஒன்றே அளவுகோல் என்றவர்களே குடும்பத்தைப் பற்றியும் கேட்பதாகச் சொன்னார்கள். ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை வழக்கிலும் (அஜய் ஹாசியா, 1980) இதே கதை. இரண்டு மூன்று நிமிட நேர்முகம், பெற்றோர் யார், வீடு எங்கே என்ற விசாரிப்பு, அதற்கு 150-இல் 50 மதிப்பெண். நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது உச்ச நீதிமன்றம். தனியார் கம்பெனியை இந்த வரம்பு கட்டுப்படுத்தாது.

நம்பிக்கை: கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பது கம்பெனியின் உரிமை.

உண்மை: ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கியதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. ஃபாக்ஸ்கான் மறுத்தது. மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டபோது சுட்டிக்காட்டியது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தை. ஆளெடுப்பில் பெண்ணுக்குப் பாகுபாடு கூடாது என்று அதன் 5-ஆம் பிரிவு சொன்னது. ஆணிடம் யாராவது இந்தக் கேள்வியை அக்கறையாகக் கேட்டால், கேட்டவர் வீட்டில் பெண் இருக்கிறது என்று பொருள்.

நம்பிக்கை: "முப்பது வருஷ அனுபவம் சார், உள்ளே வரும்போதே ஆளை எடை போட்டுடுவேன்."

உண்மை: மனம்போன போக்கில் பேசிப் பார்ப்பதைவிட, எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்பே தீர்மானித்த மதிப்பெண் முறை என்று நடக்கும் நேர்முகமே பின்னாளைய வேலைத் திறனை நன்றாகக் கணிக்கிறது. 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998-இலேயே சொன்னது இது. அனுபவசாலிகளுக்கு இந்த முறை பிடிப்பதில்லை. சாமர்த்தியம் காட்ட இடமில்லையே!

நம்பிக்கை: கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்தால் பட்சபாதம் வராது.

உண்மை: அமேசான் பரிசோதித்த மென்பொருள், பழைய விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவி என்று ஒருத்தி எழுதியிருந்தால், 'பெண்கள்' என்ற சொல்லுக்காகவே அது மதிப்பைக் குறைத்தது. அந்தத் திட்டத்தை நிறுவனமே கைவிட்டது.