கல்யாண நாளுக்கு பிரெஞ்சு ஊரா? வத்தலக்குண்டு பஸ் ஏறு!

பத்தாவது கல்யாண நாளுக்கு பாரிஸ், லியோன்னு நீ எழுதி வச்ச பட்டியலைப் பார்த்தேன். விசா, டிக்கெட்னு கூட்டிப் பார்த்துட்டு உன் வீட்டுக்காரர் வாயே திறக்கலையாமே. அவரை விட்டுடு. பிரெஞ்சுக்காரங்க வாழ்ந்த ஊர் நம்ம பக்கமே ரெண்டு இருக்கு. ஒண்ணு மலை, ஒண்ணு கடல். முதல்ல மலை ஏறு. பாண்டிச்சேரி வெயில்ல காய்ஞ்சுட்டு கொடைக்கானல் குளிருக்குப் போனா ரெண்டு நாளும் தும்மிக்கிட்டுதான் இருப்பே.

கொடைக்கானல்னா இங்கிலீஷ்காரன் ஊர்னு ஒரு நினைப்பு. ஏரியை 1863-ல உருவாக்கினவர் மதுரை கலெக்டர் லெவிஞ்ச், கோக்கர்ஸ் வாக் 1872-ல வந்தது, அதெல்லாம் சரி. ஆனா அதே காலத்துல பிரெஞ்சு சாமியார்களும் இந்த மலை ஏறினாங்க. கோக்கர்ஸ் வாக் பக்கத்துல இருக்கிற லா சலேத் மாதா கோயில் 1866-ல லூயி சேன் சீர்ங்கிற சேசு சபைக் குரு கட்டினது. 1846-ல பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலையில மாடு மேய்ச்ச ரெண்டு பிள்ளைங்களுக்கு மாதா காட்சி கொடுத்ததா நம்பிக்கை. அந்த மலைக் கிராமத்தோட பேர்தான் லா சலேத். நம்ம ஊர் வாயில அது வெறும் 'சலேத் மாதா'.

காலையில பத்து மணிக்குள்ள போயிடு. அதுக்கு மேல பஞ்சு உதறின மாதிரி மூட்டம் ஏறி வரும், கீழே சமவெளி இருந்த இடமே தெரியாது. திரும்பி வர்றப்போ ஏத்தம், அதனால ஹீல்ஸ் வேண்டாம். போட்டோவுக்காகப் பட்டுச்சேலை கட்டினாலும் கீழே கேன்வாஸ் ஷூதான். யாரும் பார்க்க மாட்டாங்க, பார்த்தாலும் பரவாயில்லை.

உனக்கு ஆவணி முதல் முகூர்த்தத்துல கல்யாணம். ஆகஸ்ட் 15 சலேத் மாதா திருவிழா, கூடவே சுதந்திர தின லீவு. தேர் பார்க்கணும்னா அந்தக் கூட்டத்துல போ. ரெண்டு பேரும் தனியா நாலு வார்த்தை பேசணும்னா லீவு முடிஞ்சு ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போ. நான் லீவுல போய், மலைப்பாதையில மூணு மணி நேரம் ஒரு லாரியோட பின்பக்கத்தைப் பார்த்துக்கிட்டே கல்யாண நாள் கொண்டாடினவ.

அடுத்து செண்பகனூர். 1895-ல சேசு சபையார் ஆரம்பிச்ச திரு இருதயக் கல்லூரி அங்கதான். அவங்க சேர்த்து வச்ச மியூசியத்துல ஆர்க்கிட், பாடம் பண்ணின விலங்குகள், பளியர்ங்கிற மலைவாழ் மக்கள் புழங்கின பொருள் எல்லாம் இருக்கு. திறந்திருக்கான்னு கேட்டுட்டுப் போ. பழனி மலையில இருக்கிற கல்திட்டைகளைப் பத்தி 1928-ல வந்த புத்தகத்தை எழுதினவங்கள்ல ஒருத்தர் அங்கிலாட்ங்கிற பிரெஞ்சு சாமியார். உன் வீட்டுக்காரருக்குக் கல்லுன்னா உயிராச்சே, அந்தக் கல்திட்டைகளைப் பார்க்க தாண்டிக்குடி பக்கம் அரைநாள் கூட்டிட்டுப் போ. தூண் பாறை, குணா குகையெல்லாம் நேரம் இருந்தா பார்க்கலாம், இல்லேன்னா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

சொந்த வண்டின்னா இ-பாஸ் எடுக்கணும். கோர்ட் உத்தரவால 2024 மே 7-லேருந்து கட்டாயம், காசு கிடையாது. வத்தலக்குண்டுலேருந்து மலை ஏறுற அரசு பஸ்ல போனா அதுவும் தேவையில்லை. 5 லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோ. வளைவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வயித்தைக் காலியா வைக்காதே, நிறைச்சும் வைக்காதே. ரெண்டு இட்லி போதும்.

ரூம் விஷயம் முக்கியம். 'லேக் வியூ'ன்னு போன்ல சொன்னதை நம்பி நாங்க காசு கட்டினோம். ஜன்னலைத் திறந்தா பக்கத்து லாட்ஜோட தண்ணி டேங்க். உன் அத்தான் ஸ்டூல் மேல ஏறி நின்னு, ஏரி தெரியுதுன்னு சாதிச்சார். நீ அந்த ரூம் ஜன்னலோட வீடியோ அனுப்பச் சொல்லு. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்னும் கேளு.

மலையில ரெண்டு ராத்திரி போதும். சாயங்காலமே இறங்கி திண்டுக்கல்ல தங்கி பிரியாணி சாப்பிடு. காலை ரயில்ல விழுப்புரம், அங்கேருந்து பாண்டிச்சேரி 40 கி.மீ.தான். நடுராத்திரி விழுப்புரத்துல இறக்கிவிடுற வண்டி மட்டும் வேண்டாம். பாண்டிச்சேரியில துய்மா வீதி, சுய்ஃப்ரேன் வீதின்னு பலகையைப் படிச்சுக்கிட்டே மஞ்சள் சுவர் ஓரமா நட. சாயங்காலம் பீச் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, கைகோத்துக்கிட்டு நிம்மதியா நடக்கலாம். 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். சிவப்புத் தொப்பி போலீஸ்காரரைப் பார்த்தா பாரிஸ்னே நினைச்சுக்கோ.

வர்றப்போ எனக்குப் பூம்பாறை மலைப்பூண்டு அரைக்கிலோ. ஸ்வெட்டர் புதுசா வாங்காதே, என் பீரோவுல ரெண்டு சும்மாதான் கிடக்கு, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கோ.