சைலன்சரும் மஞ்சள் விளக்கும்

சைலன்சரில் கை வைத்தால் டாஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரியும், அது எரியாதபடி மாற்றத் தெரிந்தவரே கெட்டிக்கார மெக்கானிக் என்பது ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. முதல் பாதி அரைகுறை, இரண்டாம் பாதி தவறு. அந்த விளக்குக்குக் காது கிடையாது. புகைக்குழாயில் செருகிய ஆக்சிஜன் சென்சார்களின் பேச்சைத்தான் அது நம்புகிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார் பெட்ரோல் கலவையைக் கவனிக்கும். சரியான கலவை என்பது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று. பின்னால் உள்ளது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும். முன்சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஊசலாடும்போது பின்சென்சார் ஏறக்குறைய அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் நலம். இரண்டும் சேர்ந்து ஆடினால் பி0420 என்ற குறி பதிவாகி விளக்கு எரியும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள, சத்தத்தை அடக்கும் மஃப்ளரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் எரியாது. அது மெக்கானிக்கின் கைராசி அல்ல. அங்கே காவலுக்கு ஆளில்லை, அவ்வளவுதான்.

கன்வெர்ட்டரையே கழற்றிவிட்டு, பின்சென்சாரை ஒரு சின்ன நீட்டிப்புக் குழாயில் தள்ளி வைத்தாலும் விளக்கு எரியவில்லையே என்பார்கள். சில வண்டிகளில் எரியாதுதான். காய்ச்சல்காரர் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கிக் காட்டுவதும் இப்படித்தான். கன்வெர்ட்டருக்குள் இருக்கும், பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போய்விட்டால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நேரே தெருவுக்கு வரும். சட்டமும் டாஷ்போர்டை எட்டிப் பார்ப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, சத்தமோ புகையோ வரம்பு மீறினால் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்சும் மூன்று மாதம் போகும்.

இன்னொரு பக்கமும் உண்டு: எதையுமே மாற்றாத வண்டியிலும் விளக்கு எரியலாம். தூத்துக்குடி உப்பளக் காற்று இரும்பை விட்டுவைக்காது. அங்கே மில்லர்புரத்தில் வருஷக்கணக்கில் வெளியே நிற்கும் காரில், முன்சென்சாருக்கு முந்தைய இணைப்பு துருப்பிடித்துக் கசிந்தால், புகைத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைப் பெட்ரோல் பற்றாக்குறை என்று தப்பாகப் படிக்க, கணினி கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். மைலேஜ் குறையும், கொஞ்ச நாளில் விளக்கும் வரும். சென்சாரை மாற்றிக் காசைக் கரைக்கும் முன், என்ஜின் ஆறியபின் டார்ச் அடித்து ஃபிளாஞ்சின் விளிம்பைப் பாருங்கள். துருவின் மேல் கரிக்கோடு தெரிந்தால், மாற்ற வேண்டியது கேஸ்கெட்.