பாலத்தின் பெயர்

சத்துவாச்சாரியிலிருந்து சென்னைக்குச் சுற்றுலா செல்லும் நாம், மெரினா அருகே கூவத்தின்மேல் நேப்பியர் பாலத்தைக் கடக்கிறோம். யார் அந்த நேப்பியர்?

1819-இல் பிறந்த ஸ்காட்லாந்துப் பிரபு பிரான்சிஸ் நேப்பியர். அமெரிக்கா, ரஷ்யா முதலிய நாடுகளில் தூதராயிருந்தவர். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநர். மக்கள் சுகாதாரம், பாசனம் குறித்து பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1869-இல் பாலம் எழுந்தது. மதுரையில் சிதைந்துகிடந்த திருமலை நாயக்கர் மகாலும் அவர் காலத்திலேயே புதுப்பிக்கப்பட்டது. 1872-இல் மேயோ பிரபு கொலையுண்டபின் சில வாரங்கள் வைஸ்ராய்ப் பொறுப்பும் வகித்தார்.

அவர் அந்நிய ஆட்சியின் பிரதிநிதி. நம் முன்னோர் தேர்ந்தெடுத்தவரல்லர். அதை நாம் மறக்கலாகாது. ஆயினும், புதிதாய்க் கட்டியதில் அவர் பெயர் நிற்கிறது. பழையதைக் காத்ததில் அவர் பெயர் இல்லை. மாணவியரே, பெயர் கிடைக்காத நற்பணியே பெரிதன்றோ!