பன்னிரண்டு பேருக்கு ஒரு விமானம்: கையெழுத்துக்கு முன் எதைப் படிப்பது?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்தேன். மணிக்கணக்கில் வாடகை விமானம் எடுப்பது கட்டுப்படியாகவில்லை. பக்கத்து விமான நிலையத்தில் ஒரு ஃப்ளையிங் கிளப் இருக்கிறது. பன்னிரண்டு உறுப்பினர்கள், ஒரே ஒரு செஸ்னா 172. ஒருவர் விலகுவதால் அவருடைய பங்கை எனக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். என் விசா நிலையில் விமானத்தில் பங்கு வாங்கலாமா? வேறொருவர் விபத்துக்குள்ளானால் என் சேமிப்புக்கு ஆபத்து வருமா? நண்பர்களை ஆஸ்டினுக்கு அழைத்துப் போனால் செலவைப் பிரித்துக்கொள்ளலாமா? கிளப் தந்த விதிப் புத்தகத்தில் எதை முக்கியமாகப் படிக்க வேண்டும், ஐயா?

— வாசகர், டெக்சாஸ்

பதில்: வாசகர் கேட்ட முதல் மூன்று கேள்விகளுக்குப் பெரும்பாலும் சட்டத்திலேயே விடை இருக்கிறது. நான்காவதற்கான விடை கிளப்பின் கையில். உயிரைக் காப்பதில் அந்த நான்காவதுதான் பெரிது. ஆனாலும் பங்கு வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது விமானத்தின் பதிவுச் சான்றிதழை.

பங்கு யார் பெயரில்?

அமெரிக்காவில் விமானத்தைப் பதிவு செய்ய உரிமையாளரின் குடியுரிமையைச் சட்டம் பார்க்கிறது. தனிநபர் என்றால் அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி விசாக்காரர் இந்த இரண்டிலும் சேர மாட்டார். பன்னிரண்டு பேரும் தங்கள் பெயரிலேயே கூட்டு உரிமையாளர்களாகப் பதிவு செய்திருக்கும் விமானம் என்றால், இந்த வாசகர் ஒருவர் நுழைந்தாலே பதிவு செல்லாமல் போகும். பதிவு இல்லாத விமானத்தைப் பறக்கவிடுவது குற்றம். அதில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கையை விரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

விமானம் ஒரு கார்ப்பரேஷன் பெயரில் இருந்தால் கணக்கு வேறு. அதன் தலைவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். இயக்குநர்களிலும் நிர்வாகிகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் குடிமக்களாக இருக்க வேண்டும். ஓட்டுரிமையில் குறைந்தது 75 சதவீதம் குடிமக்கள் வசம் இருக்க வேண்டும். பன்னிரண்டு சம ஓட்டுகளில் மூன்று வெளிநாட்டவரிடம் இருந்தால் மிச்சம் சரியாக 75 சதவீதம், பதிவு நிற்கும். நான்காவது ஓட்டும் வெளிநாட்டவர் கைக்குப் போனால் இந்த அடிப்படையில் நிற்காது. இந்தக் கணக்கில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு: தனிநபராகப் பதிவு செய்யத் தகுதியுள்ள கிரீன் கார்டுக்காரரும் இங்கே வெளிநாட்டவர் பக்கத்தில்தான் எண்ணப்படுவார். ஆகவே ஏற்கெனவே எத்தனை உறுப்பினர்கள் குடிமக்கள் அல்ல என்று செயலாளரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குவது அவசியம். ஓட்டுரிமை இல்லாத உறுப்பினர் பிரிவு இருந்தால் அதில் சேருவதும் ஒரு வழி. விமான நிலையத்துடன் கிளப் செய்திருக்கும் ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசா தொடர்பாக இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பங்கு வாங்குவது முதலீடு, வேலை அல்ல. ஆனால் கணக்கு எழுதுவது, பராமரிப்பைக் கவனிப்பது போன்ற பணிகளுக்கு ஈடாகச் சில கிளப்புகள் மாதச் சந்தாவில் கழிவு தருகின்றன. எச்-1பிக்காரர் அதை வாங்கினால் அனுமதியில்லாத வேலை என்ற கேள்வி எழலாம். குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் ஏற்கக் கூடாது. அடுத்து, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் அல்லது இரட்டை எஞ்சின் பயிற்சியைத் தொடங்குமுன் வெளிநாட்டவர் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமையான டி.எஸ்.ஏ.வின் சரிபார்ப்பைப் பெற வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் கிளப் உறுப்பினரே ஆனாலும் இந்த விதி பொருந்தும்.

விபத்து என்றால் யார் பொறுப்பு?

முறையாகப் பதிவு செய்த லாப நோக்கற்ற கார்ப்பரேஷன் என்றால், டெக்சாஸ் சட்டப்படி அதன் கடனுக்கும் கடப்பாட்டுக்கும் உறுப்பினர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவதில்லை. பதிவே இல்லாமல் கைகுலுக்கி நடத்தும் கூட்டு என்றால் அந்தக் கவசத்தை உறுதியாக நம்ப முடியாது. உரிமையாளர் என்ற முறையில் ஒவ்வொருவரையும் வழக்கில் சேர்க்க எதிர்த்தரப்பு முயலும்.

எந்தக் கவசமும் காக்காத ஓர் இடம் உண்டு. தன் கையால் ஓட்டியவரின் கவனக்குறைவுக்கு அவரே பொறுப்பு. பழுது தெரிந்தும் விமானத்தைப் பறக்க அனுமதித்த பராமரிப்பு அதிகாரியும் அப்படியே.

காப்பீட்டு பாலிசியை முகப்புப் பக்கத்தோடு நிறுத்திவிடக் கூடாது. சிறு விமானங்களுக்குப் பரவலாக விற்கப்படும் பாலிசியில் ஒரு விபத்துக்கு 10 லட்சம் டாலர் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு பயணிக்கு 1 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பும் இருக்கும். உடன் வந்த நண்பர் படுகாயமடைந்தால் அந்த 1 லட்சத்துக்கு மேல் ஆகும் தொகை ஓட்டியவர் தலையில். உறுப்பினர்கள் அனைவரும் பாலிசியில் காப்பீடு பெறுபவர்களாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா, விமானத்தின் சேதத்துக்குப் பணம் கொடுத்த நிறுவனம் பிறகு ஓட்டிய உறுப்பினர் மீதே வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்திருக்கிறதா, ஓர் உறுப்பினரால் இன்னோர் உறுப்பினர் காயமடைந்தால் பாலிசி ஏற்குமா: இந்த மூன்றுக்கும் தரகரிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். காப்பீடு ஏற்காத முதல் தொகையை ஓட்டியவர் கட்டுவதா, கிளப் கட்டுவதா என்பதைச் சொல்வது பைலா.

விதிப் புத்தகத்தின் முக்கியப் பக்கங்கள்

விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதிகள் குறைந்தபட்ச எல்லையைத்தான் வகுக்கின்றன. ஃப்ளைட் ரிவ்யூ 24 மாதங்களுக்கு ஒருமுறை போதும். அதில் தரையில் ஒரு மணி நேரம், வானில் ஒரு மணி நேரம். பயணிகளை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். அதாவது ஓராண்டாக விமானத்தைத் தொடாதவர்கூட ரிவ்யூ காலாவதியாகாத வரை தனியாக எடுத்துச் செல்லலாம், சட்டம் தடுக்காது. தடுக்க வேண்டியது கிளப். புதிய உறுப்பினர் கிளப் பயிற்றுநரோடு பறந்து ஒப்புதல் வாங்க வேண்டும், இத்தனை நாள் பறக்காதவர் மறுபடி பயிற்றுநரோடு பறக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளும் புத்தகத்தில் இருக்கின்றனவா என்று வாசகர் முதலில் தேட வேண்டும்.

அடுத்தது பழுதுப் பதிவேடு. விமானிகள் இதை ஸ்க்வாக் ஷீட் என்பார்கள். சொந்த விமானம் வைத்திருப்பவருக்கு நேற்று என்ன நடந்தது என்று தெரியும். பங்கு விமானத்தில் நேற்று ஓட்டியவர் வேறொருவர். சனிக்கிழமை ஓட்டியவர் இடது பிரேக் மிதி கொஞ்சம் அமுங்குவதாக உணர்கிறார், யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறார். ஞாயிறன்று குறுகிய ஓடுதளத்தில் இறங்குபவருக்கு அந்தப் பிரேக் பிடிக்காமல் போகிறது. விமானம் பறக்கத் தகுதியானதா என்று உறுதி செய்யும் கடமை அப்போது ஓட்டும் விமானியுடையது, அதைத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் முதன்மைப் பொறுப்பு உரிமையாளருடையது என்கின்றன எஃப்.ஏ.ஏ. விதிகள். எழுதாத பழுது இந்த இரண்டு கடமைகளையும் ஒரே நேரத்தில் தோற்கடிக்கிறது. நல்ல கிளப்பில் எந்த உறுப்பினரும் விமானத்தை நிறுத்திவைக்கலாம். மறுபடி பறக்கவிடும் அதிகாரம் மட்டும் பராமரிப்பு அதிகாரியிடம், மெக்கானிக்கின் கையெழுத்துக்குப் பிறகு. இந்த ஒரு விதி இல்லாத கிளப்பில் பணம் கட்டக் கூடாது என்பதே இந்தப் பகுதியின் உறுதியான ஆலோசனை.

எரிபொருளிலும் சட்டம் வகுப்பது குறைந்தபட்ச எல்லையைத்தான். பகலில் கண்பார்வை விதிகளின்படி பறப்பவர் இறங்கும்போது 30 நிமிடத்துக்கும் இரவில் 45 நிமிடத்துக்கும் எரிபொருள் மிச்சமிருக்கும்படி திட்டமிட வேண்டும் என்கிறது சட்டம். கிளப் விதி ஒரு மணி நேரம் என்று கேட்டால் அது நல்ல விதி. முன்னவர் டேங்கை எந்த அளவில் விட்டார் என்பது பின்னவருக்குத் தெரியாது. காக்பிட்டில் உள்ள முள்ளை நம்பாமல் இறக்கையின் மேல் ஏறி அளவுகோலை விட்டுப் பார்க்க வேண்டும். அடிவால்விலிருந்து சிறு குவளையில் வடிகட்டினால் நீல நிறப் பெட்ரோல் தெரியும். அடியில் நிறமில்லாத குமிழாக ஏதாவது உருண்டால் அது தண்ணீர், அது போகும்வரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மழை பெய்த இரவில் வெளியே நிற்கும் விமானத்துக்கு இது கட்டாயம்.

பலர் கவனிக்காத இன்னொரு விதி முன்பதிவில் ஒளிந்திருக்கிறது. வெளியூரில் வானிலை கெட்டு, விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் நாளொன்றுக்கு இவ்வளவு அபராதம் என்று சில கிளப்புகள் எழுதி வைக்கின்றன. அடுத்தவர் காத்திருக்கிறார், அபராதம் ஏறுகிறது என்ற நினைப்பு விமானியை மேகத்துக்குள் தள்ளும். வானிலைத் தாமதத்துக்கு அபராதம் இல்லை என்று தெளிவாக எழுதச் சொல்லிக் கேட்பது புதிய உறுப்பினருக்கும் உரிமையே.

சட்டப்படி சரியான பயணமும் கொல்லும் என்பதற்கு 1999 ஜூலை 16 இரவு சான்று. முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் தன் பைப்பர் சரடோகாவில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிப் பறந்தார். அவரிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லை. கண்பார்வை விதிகளின்படி பறக்க அன்று தடையும் இல்லை. ஆனால் கடலுக்கு மேல் இருட்டு, பனிமூட்டம், அடிவானமே தெரியாத நிலை. திசையுணர்வு குழம்பி விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது விசாரணையில் வந்த முடிவு. மூவரும் இறந்தனர். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லாதவர் இரவில் தொலைதூரம் போகக் கூடாது என்று சில கிளப்புகள் விதிப்பதைச் சிலர் கெடுபிடி என்கிறார்கள். அந்த விதியின் நியாயத்துக்கு இந்த ஒரு விபத்தே போதும்.

பராமரிப்புக்கான தேதிகளைச் சரிபார்க்க லாக் புத்தகத்தைப் புரட்டினால் போதும். ஆண்டுச் சோதனை 12 மாதங்களுக்குள், டிரான்ஸ்பாண்டர் சோதனை 24 மாதங்களுக்குள் நடந்திருக்க வேண்டும். கிளப்பே பயிற்றுநரையும் விமானத்தையும் சேர்த்துக் கட்டணத்துக்குத் தந்தால் 100 மணி நேரச் சோதனையும் தேவை. பதிவுச் சான்றிதழ் 2023 முதல் 7 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் காலாவதித் தேதியையும் குறித்துக்கொள்ளலாம்.

நண்பர்களும் செலவும்

பிரைவேட் பைலட் கூலிக்கு ஓட்டக் கூடாது. செலவைப் பிரிக்கலாம், ஆனால் தன் சமபங்குக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. நால்வர் போய்வர 400 டாலர் ஆனால் விமானி குறைந்தது 100 டாலர் போட வேண்டும். பிரிக்கக்கூடியவை எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை மட்டுமே. மாதச் சந்தாவையோ காப்பீட்டையோ அதில் சேர்க்க முடியாது. ஆஸ்டினில் விமானிக்கும் வேலை இருக்க வேண்டும். நண்பர்களைக் கொண்டுபோய் இறக்கிவிடுவதற்காக மட்டும் போனால் அது போக்குவரத்துச் சேவை.

பொதுவில் விளம்பரம் செய்வது இன்னும் ஆபத்து. ஃப்ளைட்நவ் என்ற நிறுவனம் விமானிகள் தங்கள் பயணத்தை இணையத்தில் அறிவித்து, செலவைப் பகிரும் பயணிகளைச் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. அப்படி ஊருக்கு அறிவிப்பவர் வணிக விமான சேவை நடத்துபவர் என்றது எஃப்.ஏ.ஏ. 2015 டிசம்பரில் டி.சி. வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. நூற்றுக்கணக்கானோர் உள்ள தமிழ்ச் சங்க வாட்ஸ்ஆப் குழுவில், ஆஸ்டினுக்கு இரண்டு இடம் இருக்கிறது என்று போடுவதும் அதே கேள்வியைக் கிளப்பும். நேரில் பழகிய நண்பரைத் தனியாக அழைப்பதோடு நிற்பது நல்லது.

வாசகர் முன்பணம் கட்டுமுன் செயலாளரிடம் ஐந்து நகல்களைக் கேட்டு வாங்கட்டும்: பதிவுச் சான்றிதழ், பைலா, இயக்க விதிகள், காப்பீட்டு பாலிசியின் முழுப் பிரதி, கடைசி ஆறு மாதப் பழுதுப் பதிவேடு. ஐந்தையும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் படித்துக் கருத்துச் சொன்ன பிறகு பங்கு மாற்றப் பத்திரத்தில் கையெழுத்திடலாம். அதில், பங்கு மாற்றத்தால் விமானப் பதிவின் தகுதி பாதிக்கப்படவில்லை என்று கிளப் உறுதி கூறும் வரி ஒன்றைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.