மரக்கிளையில் தொங்கிய சோறு

சென்னையிலிருந்து கடற்கரை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை அணுகும்போது பாத்தி பாத்தியாகப் பரந்து கிடக்கும் உப்பளங்களைக் காண்பர். கடல்நீர் கதிரவன் வெம்மையால் வற்றி வெண்குவியலாக மாறும் காட்சி கண்ணுக்கினியது. ஆங்கிலேயர் ஆட்சியில், உரிமமின்றி உப்பு எடுப்பது குற்றமாக இருந்தது. உப்பின்மீது வரியும் விதிக்கப்பட்டது. அவ்வரி ஏழையின் கஞ்சிக் கலயத்தையும் விட்டுவைக்கவில்லை.

இக்கொடுமையை எதிர்த்துக் காந்தியடிகள் 1930 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தண்டிக்கு நடைப்பயணம் மேற்கொண்டார். தமிழகத்தில் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டனர். மரக்காணத்துக்குத் தெற்கே, அதே கீழைக் கடற்கரையில் உப்பளங்கள் சூழ்ந்த வேதாரணியமே அவர்கள் அடைய வேண்டிய இடம். வழியோ ஏறத்தாழ 240 கிலோமீட்டர்.

அந்நாளில் தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் சிறைத் தண்டனைக்கு உள்ளாவர் என்று அவர் அறிவித்தார். விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் போற்றிய மக்களுக்கு இவ்வாணை பெருஞ்சோதனையாயிற்று. சோறிட்டால் சிறை, இடாவிட்டால் பழி.

வெளிப்படையாகவே உணவளித்துச் சிறை புகுந்தோர் சிலர். ஏனையோர் வேறு வழி கண்டனர். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். ஆற்றங்கரையில் தொண்டர் தங்கியபோது, உணவுப் பாத்திரங்கள் புதைத்து வைக்கப்பட்டிருந்த இடம் சைகையால் உணர்த்தப்பட்டது. இட்டவர் இன்னார் என்று தெரியாதபோது, யாரைப் பிடித்துத் தண்டிப்பது? ஏப்ரல் 28 இல் தொண்டர் வேதாரணியத்தை அடைந்தனர். 30 ஆம் நாள் இராஜாஜி உப்பெடுத்துச் சிறைப்பட்டார்.

மறைகுறிகளால் விடுதலைக்கு உதவிய கதையொன்று அமெரிக்க நாட்டிலும் வழங்குகிறது. அந்நாட்டின் தென்பகுதியில் 1865 வரை அடிமை முறை நிலவியது. தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்ட, ஒட்டுப்போர்வைகளில் குறிகள் தைத்து வேலியில் தொங்கவிட்டனர் என்பர். 1999 இல் வெளிவந்த ஒரு நூலால் இக்கதை பெரிதும் பரவியது. ஆயினும், தப்பிச் சென்றோர் தாமே எழுதிய வாழ்க்கை வரலாறுகளில் இதற்குச் சான்று இல்லை. ஆதலின் வரலாற்றறிஞர் பலர் இதனை ஏற்பதில்லை. தப்பி வந்தோரை மறைத்து வைத்து, உணவளித்து, வடதிசைக்கு அனுப்பிய எளியோர் இருந்தனர் என்பதோ மறுக்கவியலா உண்மை.

உதவுவோர் தம் பெயரை மறைக்க வேண்டிய காலத்தில், அவர்களைப் பற்றி ஏடுகள் சிறிதே பேசும். அவ்வெற்றிடத்தைக் கற்பனை நிரப்ப முயலும். கற்பனையை வரலாறெனக் கொள்ளுதல் தகாது. பெயர் தெரியவில்லை என்பதற்காகச் செயலை மறத்தலும் தகாது. உணவில் கரைந்த உப்புக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அஃது இல்லையேல் சுவையும் இல்லை. மரக்கிளையில் சோற்றைக் கட்டிய கைகளும் அத்தகையனவே.