சவாலை ஏற்குமுன் நாளைப் பாருங்கள்

வேலைக்குப் போய்வருகிறவருக்கு இணையச் செஸ்ஸில் தோதானது, ஒரு நகர்த்தலுக்கு நாட்களில் அவகாசம் தரும் நாள்கணக்கு ஆட்டம்தான். விசுவமடுவில் காலையில் பஸ் ஏறிப் பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குப் போகிறவர், மாலையில் வீடு வந்து ஆறுதலாக யோசித்து ஒரு நகர்த்தல் ஆடலாம். ஆனால் வெல்லக்கூடிய ஆட்டத்திலும் ரேட்டிங் புள்ளி பறிபோவது இங்கேதான். இரண்டு காய் கூடுதலாக இருந்தாலும் அவகாசம் முடிந்தால் தோல்வி. எதிராளியிடம் மேட் பண்ணப் போதிய காய் இல்லாவிட்டால் மட்டும் சமன்.

அந்தப் புள்ளி, அளவுக்கு மேல் ஆட்டங்களை ஏற்றுக்கொண்ட அன்றே போய்விடுகிறது. கணக்கைப் பாருங்கள். நகர்த்தலுக்கு 3 நாள் வீதம் 20 ஆட்டம் எடுத்தால், எதிராளிகள் உடனே பதில் ஆடும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 நகர்த்தல். ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் என்றாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும், ஓவர்டைம் உள்ள நாளிலும். இன்று விரைவாக ஆடி மிச்சம் பிடித்த நேரம் நாளைக்குச் சேராது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மணிக்கூடு புதிதாகத் தொடங்கும். 1951இல் உருவான சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பின் பழைய முறையில் 10 நகர்த்தலுக்கு 50 நாள் தருவார்கள். அங்கே மிச்சம் கையில் நிற்கும். செஸ்.காம், லிசெஸ் ஆகிய இணையத்தளங்களில் அப்படியில்லை. ஆகவே 20 ஆட்டமும் உங்கள் நகர்த்தலுக்குக் காத்திருக்க, காய்ச்சலில் மூன்று நாள் படுத்தால் அத்தனையும் ஒன்றாகச் சரியும். தோல்விக்கு 8 புள்ளி அளவில் போனாலும் மொத்தம் நூறைத் தாண்டும். நெடுநாள் ஆடாதிருந்தவருக்கு இன்னும் கூட; அவருடைய ரேட்டிங்கை நிச்சயமற்றதாக எடுத்து, இத்தளங்களின் ரேட்டிங் முறை பெரிய அளவில் ஏற்றி இறக்கும்.

வேலை நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சவாலை ஏற்க வேண்டும். காலபோக வெட்டுக்கு வயலில் நிற்கப் போகிறவர் மார்கழியில் புது ஆட்டம் எடுக்கக்கூடாது. செஸ்.காமில் விடுமுறை வசதி உண்டு, ஆனால் சில போட்டிகளில் அது செல்லாது. லிசெஸ்ஸில் விடுமுறையே இல்லை. அங்கே 14 நாள் அவகாசமுள்ள ஆட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். ‘அவர் இப்படி ஆடினால் நான் இப்படி’ என்று நகர்த்தலை முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதி இரண்டிலும் உண்டு. கட்டாயப் பதில்கள் வரும் இடங்களில் அது பல நாட்களைக் காப்பாற்றும்.

மணிக்கூடு எதிராளி நகர்த்திய கணத்தில் ஓடத் தொடங்குகிறது. குளிர்காலத்தில் ரொறன்ரோவிலுள்ள உறவினர் இரவு 9 மணிக்கு நகர்த்தினால் இங்கே மறுநாள் காலை 7.30. ஒருநாள் ஆட்டத்தில் உங்கள் கெடுவும் அடுத்த நாள் காலை 7.30க்கே, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற நேரத்தில். வெளிநாட்டு உறவினரோடு ஆடுகிறவர்கள் ஒருநாள் ஆட்டத்தைத் தவிர்ப்பதே நல்லது.

சில நிமிடங்களில் முடியும் நிமிடக்கணக்கு ஆட்டத்திலும் நேரம் தவறலாம்; அதற்கு மின்சாரமும் இணைப்பும்தான் காவல். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருளில் மூழ்கியது. பெரிய ஆட்டக்காரரும் இணைப்புத் துண்டிப்புக்குத் தப்பவில்லை. 2020 ஓகஸ்ட் 30இல் இணைய ஒலிம்பியாட் இறுதியில் இந்தியாவின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணையச் சேவை முடங்கியதால் நேரம் கடந்து தோற்றார்கள். இந்தியா முறையிட்டது, ரஷ்யாவோடு தங்கம் பகிரப்பட்டது. வீட்டிலிருந்து ஆடும் நமக்கு அப்படியொரு முறையீட்டுக் குழு இல்லை. மாரி மழை இடியோடு வரும் மாலையில் ரேட்டிங் இல்லாத ஆட்டம் ஆடுங்கள். மற்ற நாளில் கைபேசியில் சார்ஜும் டேட்டாவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள்.

நேரம் தவறுவது உங்களோடு முடிகிற விசயமுமில்லை. நேரம் தவறி 150 புள்ளி இறங்கிய நல்ல ஆட்டக்காரர், குறைந்த ரேட்டிங் போட்டியில் புகுந்து தொடக்கநிலைப் பிள்ளைகளை அடிக்கிறார். அது அநியாயம். செஸ்.காமில் கடந்த 90 நாட்களில் எத்தனை வீதம் நேரம் தவறினீர்கள் என்பது உங்கள் கணக்குப் பக்கத்திலேயே தெரியும். அது கூடினால் பல போட்டிகளில் சேர முடியாது. புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இணையத்தில் செஸ் சொல்லிக்கொடுத்து உழைக்க நினைக்கும் இளையவர் இதை மறக்கக்கூடாது. வகுப்புக்கு நேரத்துக்கு வருவாரா என்று பெற்றோர் அந்தப் பக்கத்தைப் பார்த்தும் கணிக்கக்கூடும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் இன்றிரவே பட்டியலைத் திறந்து, தேறாத ஆட்டங்களை விட்டுக்கொடுங்கள். போவது அதே புள்ளிதான், ஆனால் நேரம் தவறிய வீதம் ஏறாது. மிஞ்சும் ஆட்டங்களில் கெடு கிட்டியதை முதலில் ஆடுங்கள்.