புதன்கிழமை வீடு

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேக்கு நர்ஸ் வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஏழு ஞாயிறு தொடர்ந்து ஒரே ஆலயத்துக்குப் போனேன். ஆர்கன் முழங்கும், பாடுவோம், ஆசீர்வாதம் கேட்போம். வாசலில் போதகர் கைகுலுக்குவார். ஐந்தே நிமிடத்தில் முற்றம் வெறிச்சோடிவிடும். எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் ஆராதனை முடிந்த பிறகுதான் பேச்சே தொடங்கும். வேப்பமரத்தடியில் கல்யாணப் பேச்சுகூட முடிந்துவிடும். எட்டாவது ஞாயிறு நான் போகவில்லை. யாரும் தேடவும் இல்லை. அன்று அறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஐக்கியத்தை நான் தேடிய இடம் தப்பு என்று பிறகுதான் புரிந்தது. இங்கே மனிதர்கள் ஒருவரோடொருவர் நெருங்கிப் பழகுவது வார நாள் மாலையில், யாராவது ஒருவர் வீட்டில். ஹவுஸ்கிரைஸ் என்பார்கள், வீட்டு வட்டம். எட்டுப் பத்துப் பேர், ஒரு வேதபகுதி, தேநீர். ஆலயத்தில் அடுக்கி வைத்திருக்கும் சபை மடலில், கெமைண்டெபிரீஃபில், அந்த வட்டங்களின் கிழமையும் போன் எண்ணும் இருக்கும். ஏழு வாரம் அந்த மடலைக் கையில் எடுத்தும் நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை. நீங்கள் முதல் ஞாயிறே புரட்டுங்கள். மாணவர்கள் என்றால் பல்கலைக்கழக ஊர்களில் புராட்டஸ்டண்ட் மாணவர் சபையும் கத்தோலிக்க மாணவர் சபையும் தனித்தனியே உண்டு. போகும் முன் ஒரு போன் செய்துவிடுங்கள். ஏழரை என்றால் ஏழரைக்கு மணியடியுங்கள். நல்ல சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், செருப்பு வாசலிலேயே நின்றுவிடும்.

நம்மவர்கள் தயங்க ஒரு காரணம் சபை வரி. வேதபாடத்துக்குப் போனால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த வரி சபை உறுப்பினர்களுக்கு, நகராட்சியில் முகவரி பதியும்போது பதிவாகும் மதத்தை வைத்து வருவது. இந்த மாநிலத்தில் வருமான வரியில் 8 சதவீதம். நான் போகும் வட்டம் கூடும் புதன்கிழமை வீட்டில் உங்கள் பதிவை யாரும் கேட்பதில்லை. நான் சி.எஸ்.ஐ. என்று சொன்னபோது அவர்களுக்கு விளங்கவில்லை. 1947ல் பல சபைகள் சேர்ந்து ஒன்றானோம் என்றேன். உடனே ஒருவர், இங்கே பாடன் சபையில் லூத்தரன்களும் சீர்திருத்த சபையாரும் 1821லேயே சேர்ந்தவர்கள் என்றார். அந்த நிமிடத்தில் கொஞ்சம் தைரியம் வந்தது.

மொழிதான் பெரிய மலை. நர்ஸ் வேலைக்கு பி2 ஜெர்மன் வேண்டும், அது என்னிடம் இருந்தது. வலி பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று தூக்கத்தில்கூட கேட்பேன். ஆனால் கிருபைக்கும் இரக்கத்துக்கும் ஜெர்மனில் வார்த்தை தெரியாது. முதல் மூன்று வாரம் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு கண்டுபிடித்த வழி இது: என்ன பகுதி என்று முந்தின நாளே கேட்டு, தமிழில் இரண்டு முறை வாசித்துவிட்டுப் போவேன். கையில் லூத்தர் வேதாகமத்துக்குப் பதில் பாசிஸ்பீபெல். 2021ல் முழுமையாக வந்தது. சின்னச் சின்ன வாக்கியம், கடினமான சொல்லுக்கு ஓரத்திலேயே விளக்கம்.

எங்கள் ஊர் வேதபாடத்தில் ஐயர் பேசுவார், நாம் நோட்டில் எழுதுவோம். இங்கே ஆளுக்கொரு தாளும் பென்சிலும் தருகிறார்கள். வெஸ்டெரோஸ் முறை என்று பெயர், சுவீடனில் உள்ள ஊர் அது. புரியாத வசனத்தின் ஓரத்தில் கேள்விக்குறி, புதிதாகப் புரிந்ததற்கு ஆச்சரியக்குறி, மனதைத் தைத்ததற்கு அம்பு. முதலில் பத்து நிமிடம் மௌனம். பிறகு கேள்விக்குறிகளிலிருந்துதான் பேச்சு.

லூக்கா பத்தாம் அதிகாரம், நல்ல சமாரியன். என் தாளில் ஒரே ஒரு கேள்விக்குறி. பல நாள் மறைத்தே பழகியவள் அன்று வாய் திறந்தேன். எண்ணெய் முதலில், திராட்சரசம் பிறகு என்று எழுதியிருக்கிறதே. காயத்தை முதலில் கழுவ வேண்டாமா? திராட்சரசம் கழுவும், எண்ணெய் காயாமல் வைக்கும், வரிசை மாறியிருக்கிறதே என்றேன். லூக்கா வைத்தியர் என்று வேறு சொல்கிறார்களே! அறையில் அத்தனை பேரும் பென்சிலைக் கீழே வைத்தார்கள். முப்பது வருடமாக அந்தக் கதையை வாசிக்கிறேன், இந்தக் காயத்தை இன்றுதான் பார்க்கிறேன் என்றார் அந்த வீட்டம்மா. வரிசைக்கு விடை கிடைக்கவில்லை. வழியில் கிடந்தவனைத் தொட்டுத் துடைப்பது எப்படி என்று என்னிடம் ஒரு மணி நேரம் கேட்டார்கள். நான் விருந்தாளியாக இருந்த காலம் அன்றோடு முடிந்தது. தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்காதீர்கள். தெரியாததைக் கேளுங்கள், அதுவும் உங்கள் தொழிலிலிருந்து கேளுங்கள்.

இன்னொரு நாள் உன் ஊருக்குச் சுவிசேஷம் எப்படி வந்தது என்றார்கள். மயிலாடிக்கு 1806ல் வந்த ரிங்கல்தௌபே பற்றிச் சொன்னேன். ஜெர்மன்காரர், எங்கள் மகாராசன் வேதமாணிக்கம் அழைத்து வந்தவர், ஞாயிறு பள்ளியில் படித்த பெயர். ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார் ஒருவர். கழுத்தோரம் வெள்ளைப் பட்டையோடு கொழுத்த சாம்பல் புறா கிளையில் உட்கார்ந்திருந்தது. அதற்குத்தான் இங்கே ரிங்கெல்டவ்பெ என்று பெயராம். கார்ல்ஸ்ரூஹே அரண்மனைத் தோட்டத்தில் தினமும் பார்த்த பறவை, என் ஊருக்கு வந்தவரின் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் நம்மிடம் சம்பளம், கல்யாணம், குழந்தை என்று எதையும் கேட்க மாட்டார்கள். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு நான் பல இரவு வருந்தினேன். நீங்களாகச் சொல்லும்வரை காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சொன்னதும் அந்த அறையைத் தாண்டாது. எழுபது வயது வீட்டம்மாவைப் பெயர் சொல்லி, நீ என்று அழைக்க நாக்கு எழ மறுத்தது. ஆனால் அவரே அப்படி அழைக்கச் சொன்னால் மறுக்கக் கூடாது, இங்கே அது உறவு.

அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரம் நானாகச் சொன்னேன். ஜெபம் என் முறைக்கு வந்தபோது ஜெர்மன் வரவில்லை. தமிழில் ஜெபி என்றார்கள். எவ்வளவு நேரம் பேசினேனோ. ஒரு சொல் புரியாமல் எல்லாரும் தலைகுனிந்திருந்தார்கள். நான் ஆமென் சொன்னதும், அதற்காகவே காத்திருந்தவர்கள்போல ஒரே குரலில் ஆமென் என்றார்கள்.

ஷிப்ட் வேலை செய்பவர்களுக்குப் புதன்கிழமை நிச்சயமில்லை. மூன்று வாரம் வராமல் போனால் மறுபடி போகக் கூச்சம் வந்துவிடும். அதனால் மாத டூட்டி பட்டியல் வந்ததும் ஒரு பிரதி வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். எனக்கு மாலை டூட்டி விழுந்தால் அந்த வாரம் கூட்டம் வியாழனுக்கு நகரும். அவர் வீட்டு பிரிட்ஜ் கதவில், குப்பை வண்டி வரும் நாட்களின் காலண்டருக்குப் பக்கத்தில், அந்தப் பட்டியல் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது.